சீமெந்துக் கோட்டை

பாரிஸில் வசிக்கும் மகளிடம் முதற்தடவையாகச் சென்றிருந்தபோது, எங்கே போகலாம் என்று பேத்தியிடம் கேட்டேன். ஈபிள் கோபுரம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "டிஸ்னிலாண்ட், அம்மப்பா" என்றாள். ஆறு வயதுக்காரியின் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

லாச்சப்பலில் இடியப்பமும் சம்பலும் வாங்கிக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். நகரின் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரம். பாதையின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் எதிரே பூங்காவின் வாயில். பீற்றூட் விளைந்த வயல்களில் இதைக் கட்டி 1992 ஏப்ரல் 12இல் திறந்தார்கள். பிரெஞ்சு அறிவாளிகள் பலருக்கு அன்று இது பிடிக்கவில்லை. நாடக இயக்குநர் ஆரியான் ம்னூஷ்கின் இதனைப் பண்பாட்டுச் செர்னோபில் என்றே வர்ணித்தார். நானும் அந்தக் கட்சிக்காரனாகத்தான் போனேன்.

வாயிலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். என் கை தானாகவே சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. மகள் அதைக் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே எல்லாவற்றுக்கும் வரிசைதான். ஆனால் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு பலகை இருக்கிறது: இத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அது அறிவிக்கிறது. 45 என்றிருந்தது, ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆயிற்று. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கோ அந்தப் பலகை பெரும் மரியாதையாகத் தோன்றியது. பத்திரிகை வேலையில் என் வாழ்நாளின் ஒரு பகுதி சோதனைச் சாவடிகளின் வரிசைகளில் கழிந்தது. எவ்வளவு நேரம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை, கேட்பதும் புத்திசாலித்தனமல்ல.

அந்த 45 நிமிடமும் கரீபியன் கடற்கொள்ளையரைப் பார்ப்பதற்காக. வெளியே ஒரு கோட்டை. கற்சுவர்போலத் தெரிந்தாலும் சீமெந்து. வெடிப்புகளையும் பாசியையும்கூடத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே இருட்டில் படகு மிதக்கிறது. கப்பலொன்று கோட்டையை நோக்கிப் பீரங்கி சுடுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, பேத்தி கைதட்டுகிறாள். நான் குனிந்துவிட்டேன். படகில் குனிந்தவன் நான் ஒருவன் மாத்திரமே.

பிரெஞ்சுக்காரர் கோட்டைக்குப் பீரங்கி சுடும் கதை எங்களுக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த திருகோணமலையை, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சுப்ரான் பிடித்துக்கொண்டார். அவர் பெயரில் ஈபிள் கோபுரத்தின் அருகே ஓர் அகன்ற வீதியே உண்டு. மறுநாள் அதில் நடந்தபோது மருமகனிடம் இதைச் சொன்னேன். பத்து வருடமாக அவ்வழியே வேலைக்குப் போகிறவர், அப்படியா மாமா என்றார்.

கோட்டையிலிருந்து வெளியே வந்ததும் படம் எடுப்போம் என்றாள் மகள். "இங்கே எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அங்கே படமெடுப்பதற்கென்றே ஊழியர்களை நிறுத்தியிருக்கிறார்கள். படமெடுக்காதவனைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

என் கேள்வி பழக்கத்தால் வந்தது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த நான், பிரட்றிக் கோட்டையின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. துறைமுகத்தை நோக்கிக் கமராவைத் தூக்கிய ஒரு நாளில் படச்சுருளை உருவி வெயிலில் பிடித்துவிட்டார்கள். அதுகூடச் சிறிய விடயம். 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி'யின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலையில், வேலைக்குப் போக நின்ற இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு படத்துக்கு எங்கள் ஊரில் இருந்த விலை அது. இதை டிஸ்னிலாண்டின் வாசலில் நின்று மகளுக்கு எப்படி விளக்குவது? சீமெந்துக் கோட்டையின் முன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். படம் நன்றாகவே வந்திருக்கிறது.

சென்ற ஆகஸ்டில் பேத்தி திருகோணமலைக்கு வந்தாள். கோணேசர் கோயிலுக்கான வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளாகவே செல்கிறது. கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் அதன் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். வாயிற்கல்லில் மீன்கள் இன்னும் இருக்கின்றன. அவள் விரலால் மீனைத் தடவிப் பார்த்து, இதையும் தீட்டினார்களா என்று கேட்டாள்.

"இல்லை. இது உண்மையான கல்."

"அப்ப கொள்ளைக்காரர்?"

அவர்களும் உண்மைதான் என்றேன். அந்தப் பதிலால் அவளுக்கு மிகுந்த திருப்தி.

உள்ளே புள்ளிமான்கள் நிழலில் படுத்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு சிப்பாய் நின்றார். சின்னப் பையன், போர் முடிந்த 2009இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். பேத்தி தாயின் கைபேசியை வாங்கி, என்னை மானுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அவன் எங்களைப் பார்த்துவிட்டுக் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் படத்தை மகள் அனுப்பியிருக்கிறாள். மான் நேராகக் கமராவைப் பார்க்கிறது. நான் பார்ப்பது இடப்பக்கம், சிப்பாய் நின்ற இடத்தை.