தளபதியைக் குடுத்துட்டாங்க!

2025 நவம்பர் 15, சனிக்கிழமை காலை. ஆணி புடுங்கற வேலை இல்லாத நாளாச்சேன்னு பூனாக் குளிருக்கு ஃபில்டர் காபி போட்டுக்கிட்டிருந்தேன். மகள் போனோட வந்து நின்னா. கண்ணு கலங்கியிருந்தது.

"அப்பா, ஜடேஜாவைக் குடுத்துட்டாங்க."

ஒரு வாரமாப் புகைஞ்ச சமாச்சாரம்தான். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஜடேஜாவோட விலையையும் 18 கோடியிலிருந்து 14 ஆக்கிட்டாங்க. சாம்சனுக்கு 18 கோடி.

எக்செல் புத்தியோட பார்த்தா தப்பே இல்லைங்க. 2025-ல 14 ஆட்டத்துல நாலே வெற்றி, முதல்முறையாக் கடைசி இடம். முதல் ஆறு ஓவர்ல அடிக்க ஆள் இல்லை. தோனிக்கு வயசு 44. கீப்பிங்கும் செஞ்சு மேல வந்து அடிக்க 31 வயசு சாம்சன், 37-ஐத் தொடப்போற ஜடேஜாவுக்கு மாற்று. கணக்கு சரி.

ஆனா 2.4 கோடிக்கு இருந்த கரனைக் கொசுறாக் குடுத்தது எனக்கு ஒப்பலை. அடுத்த மாசம் ஏலத்துல இன்னொரு கூத்து. இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத பிரசாந்த் வீருக்கு 14.2 கோடி! அவரும் இடதுகை சுழல் ஆல்ரவுண்டர். ஜடேஜாவோட புது விலையைவிட 20 லட்சம் கூட. 20 வயசுப் பையன், பத்து வருஷம் ஆடுவார்ங்கறது அவங்க கணக்கு. சேப்பாக்கத்துல அஸ்வினும் ஓய்வு, ஜடேஜாவும் போயாச்சுன்னா, நூர் அகமதுக்குத் துணையா நிக்க ஒரு பையன் போதுமான்னுதான் அன்னிக்கு எனக்குச் சந்தேகம்.

இதையெல்லாம் மகள்கிட்ட விளக்கினேன். அவ கேட்ட கேள்வி வேற. "நம்ம ஆளை எப்படிப்பா குடுக்கலாம்?"

நம்ம ஆள்! குஜராத்காரர். தமிழ் தெரியாது. 2012-ல வந்தவரை, 2023 இறுதிப் போட்டியில கடைசி ரெண்டு பந்துல ஆறும் நாலும் அடிச்சவரை, ஊரே தளபதின்னுச்சு. வந்த ஊர்ல இப்படி நம்ம ஆள்னு பேர் எடுக்கணும்னுதானே பதினாறு வருஷமா நானும் பூனாவுல மராத்தியைக் கடிச்சுத் துப்பிக்கிட்டிருக்கேன்? சட்டுனு பதில் வரலை.

"அவர் சம்மதம் இல்லாம டிரேட் நடக்காதும்மா. 2008-ல அவர் ஆரம்பிச்சதே ராஜஸ்தான்லதான். திரும்பிப் போறார்."

"அப்ப நீங்களும் திரும்பிப் போவீங்களா? நான்?"

காபி ஆறிப்போச்சு.

2018-ல சென்னை ஆட்டங்கள் பூனாவுக்கு மாறினப்போ, கஹுஞ்சே மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு ஏழு வயசு. முதல் பந்துலயே கோலியை ஜடேஜா போல்டாக்கினார். அன்னிக்கு வாங்கின எட்டாம் நம்பர் மஞ்சச் சட்டை இப்ப அவளுக்குத் தோள்ல ஏறாது. யாருக்காவது குடுத்துடலாம்னு தங்கமணி அன்னிக்குச் சாயந்தரம் எடுத்து வெளியில வெச்சாங்க.

ராத்திரி பார்த்தேன். சட்டை மறுபடி பீரோவுல இருந்தது, மடிச்சு.