கால் சத்தம்

இந்த கேமை ஹெட்ஃபோன் போட்டுத்தான் ஆடணும். முதல்லயே சொல்லிடுறேன். 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்', 1998ல லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் பண்ணது. நாம பிறக்குறதுக்கு முன்னாடி வந்தது. கிராஃபிக்ஸைப் பார்த்துச் சிரிக்காதீங்க, முகமெல்லாம் அட்டைப்பெட்டி மாதிரிதான் இருக்கும்.

நீங்கதான் காரெட், திருடன். கையில வாள் இருக்கு, ஆனா ரெண்டு காவலாளி சேர்ந்து வந்தா நீங்க காலி. அதனால இருட்டுலயே நிக்கணும். ஸ்கிரீன்ல கீழே ஒரு சின்னக் கல் இருக்கும். வெளிச்சத்துல நின்னா அது மின்னும். எரியுற தீப்பந்தத்தைத் தண்ணி அம்பு விட்டு அணைக்கலாம். ஆனா கால் சத்தத்தை என்ன பண்றது? பாஃபர்டு பிரபுவோட மாளிகையில செங்கோலைத் திருடப் போறப்போ, கையில இருக்குற மேப் யாரோ அவசரத்துல கிறுக்கின மாதிரி இருக்கும். அதை நம்ப முடியாது, தரையைத்தான் நம்பணும். கம்பளத்துல நடந்தா சத்தமே வராது. பளிங்குல ஒரு அடி வச்சாலே டக்குனு கேக்கும். பக்கத்து ரூம்ல விசில் அடிச்சிட்டு இருந்தவன் நிறுத்திடுவான். அந்த அமைதி இருக்கே!

எனக்கு அது புதுசு இல்ல. நான் ஸ்கூல் படிக்கிறப்போ அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்குவார். எந்த டைல் ஆடும், எந்தக் கதவை லேசா தூக்கித் திறக்கணும்னு எனக்கு அத்துப்படி. ஒரு நாள் சில்வர் டம்ளரைக் கீழே போட்டுட்டேன். அவர் திட்டவே இல்ல. எழுந்து உக்காந்து சுவரையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் தூக்கம் வரல, அப்படியே வேலைக்குப் போனார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

2004ல வந்த மூணாவது பாகம், 'டெட்லி ஷேடோஸ்'. அதுல 'ஷேல்பிரிட்ஜ் கிரேடில்'னு ஒரு லெவல், ஜோர்டன் தாமஸ் டிசைன் பண்ணது. ஒரே கட்டடம் ஒரே சமயத்துல அனாதை இல்லமாவும் மனநோய் விடுதியாவும் இருந்திருக்கு. முதல் பாதியில எதிரின்னு ஒருத்தர்கூட கிடையாது. மேலே எங்கேயோ ஏதோ இடிக்கிற சத்தம் மட்டும்தான். ஓடலாம், குதிக்கலாம், கேக்க யாரும் இல்ல. ஆனாலும் நான் முழுக்கக் குனிஞ்சே நடந்தேன்.

அப்பா இப்போ டே ஷிஃப்ட்தான். லீவுக்கு ஊருக்குப் போனா இன்னமும் அந்தக் கதவைத் தூக்கித்தான் திறக்கிறேன். "ஏன்டா திருடன் மாதிரி வர்ற?"ன்னு கேக்குறார்.