உப்புக்குப் பட்டா இல்லை

ஆம்பூரில் நான் நுழைந்த தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஒருவர் உப்பு உதறிக்கொண்டிருந்தார். லாரியில் வந்திறங்கிய ஆட்டுத்தோல்கள் மடித்து அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாக விரித்து மரச்சட்டத்தின் மேல் ஓங்கி அடித்தார். வெள்ளையாகக் கொட்டியது. கையுறை இல்லை. விரல் இடுக்குகளில் பழைய வெடிப்புகள்.

"இத உதறாம தொட்டியில போட்டா உப்பு பூரா தண்ணியில கரைஞ்சுடும் சார். உதறினா கொஞ்சமாச்சும் கொறையும்" என்றார்.

உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பு வேண்டும். தோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு உப்பைப் பூசித்தான் ஊர் விட்டு ஊர் அனுப்புகிறார்கள். ஆம்பூரில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போகிறது. பிறகு சுண்ணாம்பு, முடி நீக்கல், சவ்வு சுரண்டல், அமிலம், கடைசியில் குரோமியம் கலந்த டிரம். டிரம்மிலிருந்து தோல் நீலமாக வெளிவரும். அதை 'வெட் ப்ளூ' என்கிறார்கள். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த காலத்தில் வேலை மெதுவாக நடந்தது. 1970-களில் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கும் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கும் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்தது. அதன் பின் குரோமியம் பாலாற்றங்கரை முழுவதும் பரவியது.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. உயிரியல் முறைச் சுத்திகரிப்பு உப்பைத் தொடாது. அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டியையும் ஆவியாக்கும் கலன்களையும் பின்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. தண்ணீரைத் திரும்ப எடுத்த பிறகும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் மிஞ்சுகிறது.

நான் ஆம்பூருக்கு வந்தது ஷாப்பைப் பார்க்க மட்டுமல்ல. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சிலர் கிணறு கிணறாக அளந்து வரைபடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர், கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர், ஷூ கம்பெனியில் ஞாயிறு விடுமுறை கிடைக்கும் பெண் ஒருவர். மூன்று பேரும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கையில் இருந்தவை: ஒரு செல்போன், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர், கயிற்றில் கட்டிய பாட்டில், கிராம வரைபடத்தின் நகல், ஒவ்வொரு சர்வே நம்பரின் அளவுகளையும் காட்டும் புலப்படங்கள், அளவு நாடா.

இளைஞருக்குச் செல்போன் போதும். கிணற்று மேட்டில் நின்று ஒரு தொடு தொட்டால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்துவிடுகின்றன. செயற்கைக்கோள் படத்தின் மேல் புள்ளி விழுகிறது. அளவர் ஐயா தலையை ஆட்டினார். "போன் மூணு மீட்டர், அஞ்சு மீட்டர் அங்க இங்க காட்டும் தம்பி. அஞ்சு மீட்டர் தள்ளினா கெணறு பக்கத்து வயல்ல விழுந்துடும். சர்வே நம்பர் மாறினா ஆளும் மாறிட்டாரு."

எல்லைக்கல்லைத் தேடிக் கருவேலம் புதருக்குள் குனிந்தார். கால்மணி நேரம் மண்ணைக் கிளறிய பின் கல்லின் தலை தெரிந்தது. அங்கிருந்து நாடாவை இழுத்தார். புலத்தின் எல்லைக்கோட்டை எஃப் லைன் என்றும், உள்ளே குறுக்காகப் போகும் அளவுக்கோட்டை ஜி லைன் என்றும் சொல்கிறார்கள். ஜி லைனிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டரில் கிணறு இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். புலப்படத்தில் கிணறு சரியான உட்பிரிவுக்குள் உட்கார்ந்தது. செல்போன் காட்டிய புள்ளி வரப்புக்கு அந்தப்பக்கம் இருந்தது. இளைஞர் மறுபேச்சில்லாமல் திருத்தினார்.

பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தோம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் 2,000-த்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கிணற்றுக்காரப் பெரியவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு மெசினு எதுக்கு? எங்க நைனா காலத்துல இதுல நெல்லு, அந்தாண்ட கரும்பு. மொதல்ல தேங்கா சிறுத்துச்சு. அப்புறம் நெல்லு நுனி கருகுச்சு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிடுச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

வரைபடத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத தகவல் இது. அந்தப் பெண் தன் நோட்டில் எழுதினாள். தேங்காய் சிறுத்த ஆண்டு, மாடு குடிக்க மறுத்த ஆண்டு, மோட்டாரைக் கழற்றிய ஆண்டு. அவளுடைய நோட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. மீட்டர் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். உப்பு எந்தத் திசையிலிருந்து எப்போது வந்தது என்பதை அந்த நோட்டிலிருந்துதான் அறிய முடியும். ஆண்டுகளை வரைபடத்தில் வண்ணமாகத் தீட்டியபோது, பழைய ஓடைக்கால்வாயை ஒட்டிய கிணறுகள் முதலில் கெட்டதும், அடுத்த வரிசை பின்னால் கெட்டதும் கண்ணுக்குத் தெரிந்தன. எனக்கு உடல் சிலிர்த்தது.

இந்த மண்ணில் இப்படி அளப்பது புதிதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், ஆபத்து உறுதியாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்நாட்டுச் சட்டமாக்கியது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போயிருந்தது.

தீர்ப்பின்படி நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் முதல் ஆணையை வெளியிட்டது. 547 தோல் ஷாப்புகள் பொறுப்பு. 15,164 ஹெக்டேர். 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். கெட்டுப்போன கிணற்றுக்குப் பதிலாக ஒரு போர்வெல் போட அது காணாது. விடுபட்ட 1,377 பேரைச் சேர்க்க 2009-ல் இன்னொரு ஆணை தேவைப்பட்டது.

35,000-க்கும் 15,164-க்கும் உள்ள இடைவெளியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்கு எடுத்த கணக்குகள். நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். இருந்தாலும் ஒன்று புரிகிறது. பணம் கொடுக்க வேண்டுமானால் சர்வே நம்பர் வேண்டும். சர்வே நம்பர் வரப்போடு முடிகிறது. உப்பு ஆற்று மணலுக்கடியிலும் பாறை வெடிப்பிலும் ஊர்ந்து போகிறது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக்குன்றுகளைச் சுற்றி, ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் தரைக்கடி நீரைப் பல ஆண்டுகள் ஆய்ந்தார்கள். குரோமியம் எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு நகரும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவ்வகை வரைபடத்தில் வரப்பே கிடையாது. பரவும் எல்லை மட்டும்தான்.

மத்தியானம் காலனித் தெருவுக்கு வந்தோம். அங்கே அடிபம்பு ஒன்று நிற்கிறது. அளவர் ஐயா புலப்படத்தைப் புரட்டினார். அது நத்தம், குடியிருப்பு நிலம். வயலுக்குரிய புலப்படத்தில் அந்தப் பம்பு வராது. பெண் விடவில்லை. "ஐயா, எங்க தெரு பூரா இதுலதான் தொவைக்குது. குறிங்க." உப்புத் தண்ணீர் என்பதால் செல்போனில் சிவப்புப் புள்ளியாகக் குறித்தார்கள், தெருவின் பெயரையும் எழுதினார்கள்.

என் மனதில் இன்றும் நிற்பது அந்தப் பம்புதான். இந்தத் தெருவில் யாருக்கும் நஞ்சை இல்லை. இவர்களில் பலருடைய அப்பாக்கள் கெட்டுப்போன அந்த வயல்களில் நாற்று நட்டவர்கள். வயல் போனதும் உடையவருக்கு ஏதோ ஒரு தொகை என்று கணக்குப் போட்டார்கள். நட்டவர்களின் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்கள் ஷாப்புக்குப் போனார்கள். உப்பு உதறினார்கள், சுண்ணாம்புக் குழியில் இறங்கினார்கள், தொட்டி கழுவினார்கள். மாலையில் வீடு திரும்பி அதே உப்புத் தண்ணீரில் குளித்தார்கள். இப்போது குடிக்கக் காவிரி கூட்டுக் குடிநீர் வருகிறது, வராத நாளில் கேன் வாங்குகிறார்கள். பாலாற்றங்கரையில் பிறந்தவர் மேட்டூர்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறார்.

தொழிலாளி எங்கே படுத்துறங்குகிறார் என்பதும் வரைபடத்தில் வர வேண்டும். 2015 ஜனவரி 31-ந் தேதி அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் சேற்றுக்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டியையும் அவர்கள் படுத்த இடத்தையும் ஒரே தாளில் வரைந்து பார்த்திருந்தால், அந்தச் சுவரோரம் ஆள் படுக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். பட்டாவையும் ஆலையையும் மட்டும் காட்டும் படத்தில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

செயற்கைக்கோள், செயலி, தகவல் தொகுப்பு எல்லாம் இன்று சிரமமில்லாமல் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் இணையத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் 2009-லிருந்து இருக்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை. வரையும் தாளில் யாரைச் சேர்ப்பது என்பதை இதுவரை ஊர் முடிவு செய்ததில்லை, அலுவலகமே முடிவு செய்துவந்திருக்கிறது. அதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன்.

இப்போது அதைத் திருத்த ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, கொடுபடாத ஈட்டுத்தொகையை ஆறு வாரத்தில் கொடுக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து வேலூர் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் தணிக்கை நடத்தவும் ஆணையிட்டது. ஆலைகளிலும் அறிக்கைகளிலும் மட்டும் அந்தத் தணிக்கை நின்றுவிடக் கூடாது. வயல் கிணற்றோடு காலனி அடிபம்பும், தொழிலாளர் குடியிருப்பும், தொட்டி கழுவுவோர் இறங்கும் இடமும் அதில் வர வேண்டும். தமிழில் எழுத வேண்டும். சர்வே நம்பர் தெரியாதவருக்கும் புரியும்படி தெருப்பெயரோடு எழுத வேண்டும்.

பொழுது சாயும்போது பெரியவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். தன் கிணற்றை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு விரலை நகர்த்தி அடிபம்பின் புள்ளியில் வைத்தார். "இது எங்க ஆளுங்க தெருவா? இதுவும் செவப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் அந்தப் பெண்.

மார்ச் 22 உலக நீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. பாலாற்றங்கரையில் இருப்பவர்களே, அதற்குள் உங்கள் ஊரின் கிணறுகளையும் பம்புகளையும் அளந்து ஒரு தாளில் குறித்துவிடுங்கள். சபையில் அதை விரித்து, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.