யாருடைய நாய்?

ஜனக்புரியின் குடியிருப்புப் பூங்காக்களில் மாலைதோறும் கேட்கும் தொடர், 'இது எங்கள் நாய்'. அதே நாய் ஒரு சிறுவனைக் கடித்துவிட்டால் தொடர் மாறுகிறது: 'மகன் வாங்கி விட்டுப்போனது', 'வேலையாள்தான் சங்கிலியைப் பிடித்திருந்தான்'. முதலில் மறைவது 'எங்கள்' என்னும் சொல்.

உரிமை வழக்கில் இந்தியச் சட்டத்திற்கு நாய் ஓர் அசையும் சொத்து. ஹென்றி என்னும் ராட்வீலர் நாய் யாரிடம் இருக்க வேண்டும் என்று மஹுவா மொய்த்ராவுக்கும் வழக்கறிஞர் ஜெய் அனந்த் தேஹாத்ராய்க்கும் இடையே எழுந்த வழக்கு, 2025இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே இருவருமே 'என்னுடையது' என்கின்றனர்.

கடி வழக்கு வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, உரிமையாளரை அன்று, விலங்கைத் தம் வசம் வைத்திருப்பவரையே தேடுகிறது. தெரிந்தோ கவனக்குறைவாகவோ போதிய காப்புச் செய்யாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியாயின் தண்டனை சங்கிலியைப் பிடித்தவருக்கா? நாயைச் சொத்தாகக் கொள்ளும் பார்வை இங்கே ஏழைக்குத் துணைநிற்கிறது. ஒருவருக்காக அவருடைய வாழ்க்கைத்துணையோ பணியாளோ வைத்திருக்கும் சொத்து அவர் வசமே உள்ளதாகும் என்கிறது அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆயினும் புகாரில் முதலில் எழுதப்படும் பெயர் யாருடையது என்பதில் ஒரு கூலியாளின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

தமிழில் நாயை 'வளர்க்கிறார்' என்பதே இயல்பு. வளர்த்தலில் கொஞ்சுதலும் உண்டு, கட்டிக்காத்தலும் உண்டு. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் 399ஆம் பிரிவில் நாய்ப் பதிவுக்கு வழிசெய்கிறது. பெயர் எழுத்தில் பதிந்திருந்தால், 'எங்கள்' என்னும் சொல்லை அத்தனை எளிதில் விழுங்கிவிட இயலாது.