கை உயர்த்தாத ஒருவர்



1957-இல் சிட்னி லூமெட் இயக்கிய 'டுவெல்வ் ஆங்ரி மென்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு வாலிபன்மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் கூடுகிறார்கள். குற்றவாளி என்போர் கை உயர்த்தும்படி கேட்டவுடன் பதினொரு கைகள் எழும்புகின்றன. அவற்றுள் சில, பக்கத்துக் கையைப் பார்த்த பின்பே எழும்பியவை. ஒருவர் மட்டும் உயர்த்தவில்லை. வாலிபன் நிரபராதி என்று அவர் சாதிக்கவில்லை. ஓர் உயிரின் காரியத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்கலாகாது, பேசுவோம் என்கிறார்.

நம் பக்கத்து மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரை மூத்தோர் அறிவீர்கள். அவரும் ஜூரிகளின் முன் நின்றவரே. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில், அவருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயகன் சிறையிலிருக்க, அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டேயிருந்தது! மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். கிருஷ்ணன் மீண்டும் எழுந்து நின்றார். பாகவதரின் படங்களோ பழையபடி ஓடவில்லை. 1959-இல், தம் 49ஆம் வயதில் மறைந்தார். பொய்க் குற்றச்சாட்டினால் சிறைப்பட்ட யோசேப்புக்குப் பின்னர் எகிப்தின் அதிகாரம் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதைப் போதகர்களாகிய நாங்கள் பிரசங்கத்தில் எளிதாகத் தாண்டிவிடுகிறோம்.

இதை எழுதக் காரணம் வேறு. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு சபையில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் தொகை குறைந்தது. ஆலயப் பணியாளர்மேல் சந்தேகம். அவரை நீக்கலாமா என்று கமிட்டியில் கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைமை வகித்த நானும் உயர்த்தினேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, பீரோவில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் நடுவே அந்தக் கவர் அகப்பட்டது. உறை பிரிக்கப்படவேயில்லை.

அவர் வீட்டிற்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார்கள். அவரோ, "பரவாயில்லை ஐயா" என்றார். அதன்பின் எந்த ஆலயத்திற்குள்ளும் அவர் நுழைந்ததில்லை.

இப்பொழுது கும்பகோணம் சாலையில் ஒரு நெல் அரவை மில்லில் காவலிருக்கிறார். என் பிழைக்காக வருந்துகிறேன் என்பதை அன்று தனியாகத்தான் சொன்னேன். நீக்கியதோ பலர் முன்னிலையில். ஆகையால் வரும் ஞாயிறு ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லி, நடந்ததை அறிவிக்கலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.