சாத்திய கதவு

மழை ஓய்ந்தபின் வில்லியனூர்ப் பக்கத்துப் புன்செய் வரப்புகளிலும் பாகூர்ச் சாலையோரக் குப்பைமேடுகளிலும் ஒரு செடி தானே முளைத்து நிற்கும். ஐந்து விரல்களை விரித்தாற்போன்ற இலை. உச்சியில் வெண்ணிறப் பூங்கொத்து. நல்வேளை என்பர், தைவேளை என்றும் வழங்கும். மஞ்சட்பூப் பூக்கும் நாய்வேளை இதற்கு உறவேயாயினும் வேறு செடி.

இக்கீரையை உண்டு வளர்ந்தவர்கள் நாம். கசப்பு மிகுதியாதலால், வெந்த நீரை இறுத்துவிட்டு, புளியும் பூண்டும் சேர்த்துக் கடைவார் எங்கள் நன்னி. ஒரு பெருநாளுக்கு மறுநாள் அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது, அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் வந்துவிட்டனர். நன்னி ஓடிப்போய் அடுக்களைக் கதவைச் சாத்தினார். "குப்பையிலே பறிச்சதைத் திங்கிறாங்கன்னு நெனைச்சிட்டா சம்பந்தம் நிக்குமா?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். வந்தவர்கள் விடைபெறும்வரை நாங்கள் பசியோடிருந்தோம்.

பின்னாளில் சிறுபாணாற்றுப்படையைப் பயின்றபோது திடுக்கிட்டோம். கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்ணுக்கு நாணித் தலைவாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு, திண்டிவனமும் மரக்காணமும் அடங்கிய, நமக்கு அண்டை நிலம். பழங்காலத்து அந்த நாணந்தான் எங்கள் அடுக்களையிலும் இருந்தது!

கென்யாவிலோ இதே கீரையை விதைத்துப் பயிராக்கிச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கின்றனர். கசப்புத் தணியப் பால் வார்த்துச் சமைப்பதும் உண்டு. இதை அறிந்தபின் நாமும் கொல்லையில் ஒரு பாத்தி போட்டோம். முதல் விதைப்பு முளைக்கவேயில்லை. புதிய விதைக்குச் சில திங்கள் உறக்கம் உண்டென்பது பிறகே தெரிந்தது. ஆறு மாதம் உலர வைத்திருந்து, ஆழமின்றித் தூவி, மெல்ல மண் மூடியபோது நெருக்கமாக முளைத்தது. ஐந்து வாரத்தில் முதற் பறிப்பு. மொட்டு வந்தால் கிள்ளிவிட வேண்டும்; இல்லையேல் செடி காய்த்து முற்றிவிடும், தழை குன்றும். விதைக்கென்று இரண்டு செடிகளை மட்டும் பூக்க விட்டோம்.

இப்போது வாரம் ஒருமுறை எங்கள் உணவில் வேளைக்கீரை உண்டு. கதவைச் சாத்துவதில்லை. ஆயினும் விருந்தினர் யாரேனும் "இது என்ன கீரை?" என்று வினவினால், எங்கள் மருமகள் சற்றும் தயங்காமல், "முருங்கைங்க" என்று சொல்லிவிடுகிறாள்.