திருத்துவோன் அறிய வேண்டுவது

எழுதுவோர் பலர், எழுதியதைப் பிறர் கையில் கொடுத்துத் திருத்திக்கொள்ள ஒப்புவோர் சிலர். அச்சிலரை நம்பியே நாம் காலந்தள்ளி வருகிறோம். எந்தப் பதிப்பகத்திலும் நமக்கு நாற்காலி இல்லை. மாதச் சம்பளமும் இல்லை. எழுத்தாளரின் கையெழுத்துப்படியாயினும், சிறு வணிகரின் விளம்பரத் தாளாயினும், பக்கக் கணக்கில் கூலி பேசி வீட்டிலிருந்தே திருத்தித் தருவது நம் தொழில்.

ஒற்றெழுத்தைத் தேடும் வேலைதானே இது என்று எண்ணுவோர் உளர். ஒற்றும் சிறிதன்று. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. எனினும், ஒற்றைவிடச் சொல் நிற்கும் இடம் பெரிது. ஒருமுறை, கடை ஒன்றில் கூட்டுச் சேரவிருந்த இருவர் தம் ஒப்பந்த வாசகத்தைச் செப்பம் செய்யக் கொண்டுவந்தனர். 'வரவில் பாதி, செலவு போக, இரண்டாமவருக்கு' என்று அதில் இருந்தது. வரவு 10,000 ரூபாய், செலவு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவைக் கழித்தபின் பங்கிட்டால் அவருக்கு 4,000; பங்கிட்டபின் அவர் பாதியில் கழித்தால் 3,000. இருவரையும் தனித்தனியே வினவினோம். ஒருவர் ஒரு கணக்கைச் சொன்னார். மற்றவர் மற்றதைச் சொன்னார். எது சரியென்று தீர்ப்பது நம் வேலையன்று. அவர்களே பேசி முடிவுக்கு வந்தபின், ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுத்தோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியோடு எழுதுமாறும் திருமறையின் அல்பகறா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிக்கிறது. அது நம்மையும் நோக்கிப் பேசுவதை அன்றுதான் உணர்ந்தோம்.

அவ்வுணர்வு தந்த பெருமிதத்தை அடுத்து வந்த பணி அடக்கிவிட்டது. காயல்பட்டினத்து மூதாட்டி ஒருவர் தம் இளமை நினைவுகளை எழுதி அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் 'வாப்பா'வைத் தந்தை ஆக்கினோம், 'ஆணம்' குழம்பாயிற்று, 'பசியாறினோம்' என்றது காலை உணவு உண்டோம் என மாறிற்று, 'மௌத்தானார்' மறைந்தார் ஆனது. தாள்கள் திரும்பி வந்தன. கூலியை முழுமையாக அனுப்பியிருந்த அவர், கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்: "தம்பி, பிழை ஒன்றும் இல்லை; எங்கள் உம்மாவையும் வாப்பாவையும்தான் காணவில்லை."

வெட்கினோம். அரபுச் சொற்களையும் தமிழ் விருத்தத்துள் இயல்பாக அமைத்துச் சீறாப்புராணம் பாடினார் உமறுப் புலவர். அந்த மரபில் வந்தோர் அடுக்களையில் வழங்கிய சொல்லைப் பிழையென்று அடிக்க நாம் யார்? கூலியைத் திருப்பி அனுப்பிவிட்டு, முதற்படியை எடுத்து வைத்து மீண்டும் தொடங்கினோம். எழுவாயோடு இயையாத பயனிலைகளையும், விடுபட்ட ஒற்றுகளையும், முன்பின் முரணிய ஆண்டுகளையும் மட்டும் திருத்தினோம். வெளியூரார்க்கு விளங்காத சொற்களின் அருகே விளக்கம் சேர்க்கலாமா என்று ஓரத்தில் குறித்துக் கேட்டோம். சிலவற்றுக்கு இசைந்தார், "ஆணத்துக்கு வேண்டாம், சோற்றோடு வருவதால் தெரிந்துகொள்வார்கள்" என்றார். அவர் சொன்னதே சரி.

இன்று ஒற்றுப் பிழைகளைக் கணினியே ஓரளவு சுட்டிக்காட்டுகிறது. நமக்கு எஞ்சி நிற்பது கேட்கும் கடமை. வணிகரிடம், 'நீங்கள் கருதியது எது?' என்று கேட்க வேண்டும். எழுத்தாளரிடம், 'இது உங்கள் வீட்டுச் சொல்லா?' என்று கேட்க வேண்டும். கேளாமல் திருத்திய நம் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக.